ப்ரூஃப் காசில் அப்படி என்னதான் இருக்கிறது?

கேள்வி இதுதான். தாத்தாவின் பீரோவில் இரண்டு காந்தி பத்து ரூபாய் வெள்ளிக்காசுகள் கிடைத்திருக்கின்றன. ஒன்று சாதாரணமாக இருக்கிறது. இன்னொன்று முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கிறது. பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் காட்டியபோது இரண்டாவது 'ப்ரூஃப்' என்று சொல்லி, விலையிலும் பெரிய வித்தியாசம் சொன்னார்களாம். உலோகம் ஒன்று, எடை ஒன்று, உருவம் ஒன்று. அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? சேகரிப்பவர்கள் அபூர்வ ப்ரூஃப் காசுக்கு ஏன் இப்படி அலைகிறார்கள்? சென்னையில் இருந்துகொண்டு இதில் இறங்கலாமா?

இறங்கலாம். ஆனால் கையில் காசு வாங்குவதற்கு முன்னால் கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டும். அதனால்தான் இந்தப் பதில் கொஞ்சம் நீளமாகப் போகிறது.

ப்ரூஃப் என்பது காசு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அது எப்படி அடிக்கப்பட்டது என்பதைச் சொல்கிறது. 'கீறல் இல்லாமல் புத்தம்புதிதாக இருந்தால் ப்ரூஃப்' என்று கடைக்காரர்கள் சிலரே சொல்கிறார்கள், அது தவறு. வங்கியிலிருந்து நேரே வந்த, யார் கையும் படாத காசுகூட ப்ரூஃப் ஆகிவிடாது. அதேபோல, ப்ரூஃபாக அடித்த ஒரு காசை யாரோ விவரம் தெரியாமல் சட்டைப்பையில் போட்டுப் பத்து வருடம் திரிந்தாலும் அது ப்ரூஃப்தான். அடிபட்ட ப்ரூஃப், அவ்வளவே.

நாணயச்சாலையில் புழக்கத்துக்கான காசு அடிக்கும் இயந்திரம் நிமிடத்துக்குப் பல நூறு காசுகளைத் தள்ளும். வில்லை, அதாவது இன்னும் எதுவும் பதியாத வெற்று உலோக வட்டு, உள்ளே போகிறது, ஒரே அடி, வெளியே விழுகிறது. விழுந்த காசின் மேல் அடுத்த காசு விழுகிறது. பையில் கட்டி வங்கிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒவ்வொன்றும் நூறு இடத்தில் இடிபட்டிருக்கும். ப்ரூஃபுக்கு நடப்பது வேறு. காசில் உருவத்தைப் பதிக்கும் அச்சில், எழுத்தும் உருவமும் இல்லாத சமதளப் பகுதியை வைரத்தூள் பசை போட்டுத் தேய்த்துக் கண்ணாடி ஆக்குகிறார்கள். உருவப் பகுதியை மட்டும் மணல் ஊதி, இப்போதெல்லாம் லேசர் கொண்டு, நுண்ணிய சொரசொரப்பாக்குகிறார்கள். வில்லைக்கும் தனியாக மெருகு. பிறகு ஒவ்வொரு வில்லையாகக் கவனமாக வைத்து, அதிக அழுத்தத்தில், மெதுவாக, குறைந்தது இரண்டு முறை அடிக்கிறார்கள். அடித்த காசு எதன் மேலும் விழாது. தனியாக எடுத்து வைக்கப்படும்.

இரண்டு அடி ஏன் என்று கேட்கலாம். குளிர்ந்த உலோகம் ஒரே அடியில் அச்சின் ஆழமான மூலைகளுக்குள் முழுவதும் ஏறுவதில்லை. சிங்கத்தின் பிடரிமயிர், காதின் உள்வளைவு, எழுத்தின் கூர்முனை போன்ற இடங்களில் கொஞ்சம் குறை நின்றுவிடும். இரண்டாவது அடி அதை நிரப்புகிறது. விளிம்பைப் பாருங்கள். புழக்கக் காசின் விளிம்பு லேசாக உருண்டிருக்கும். நல்ல ப்ரூஃபின் விளிம்பு, பக்கமும் தளமும் சந்திக்கும் இடத்தில், கத்தி வைத்து வெட்டியது போலச் செங்கோணமாக நிற்கும். பளபளப்பைப் பார்த்து ஏமாறுபவர்கள் உண்டு. விளிம்பைப் பார்க்கப் பழகியவர் எளிதில் ஏமாறுவதில்லை.

கண்ணாடித் தளம் தன் மேல் விழும் ஒளியை ஒரே திசையில் திருப்பி அனுப்புகிறது. அந்தத் திசையில் உங்கள் கண் இல்லையென்றால் தளம் கறுப்பாகத் தெரியும். சொரசொரப்பான உருவமோ ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது. அதனால் எப்படித் திருப்பினாலும் வெண்மையாகத் தெரியும். கறுப்புத் தளத்தில் வெள்ளை உருவம். இதைத்தான் சேகரிப்பவர்கள் கேமியோ என்கிறார்கள். அச்சின் சொரசொரப்பு அடிக்க அடிக்கத் தேய்ந்துவிடும். லேசர் வராத காலத்தில் ஒரு அச்சிலிருந்து வந்த முதல் சில காசுகளில்தான் அந்த வெண்மை முழுதாக இருந்தது. ஃபில்டர் காபியில் முதல் டிகாஷன் மாதிரி. அதே பொடிதான், அடுத்து இறங்குவதில் அந்தத் திடம் இருக்காது. ஒரே வருடத்து, ஒரே நாணயச்சாலையின் இரண்டு ப்ரூஃப்களுக்குள்ளும் விலை வேறுபடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

என்னைக் கேட்டால், ப்ரூஃபின் மயக்கம் பளபளப்பில் இல்லை. 1840 என்று வருடம் போட்ட விக்டோரியா ரூபாய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த முகத்தைச் செதுக்கியவர் வில்லியம் வயன். கழுத்து முடியும் இடத்தில் அவருடைய முதலெழுத்துகள், இரண்டு 'டபிள்யூ', பொடியாக இருக்கும். பாட்டி வீட்டு உண்டியலில் கிடைக்கும் 1840 ரூபாயில் ராணியின் கூந்தல் ஒரு மொழுமொழு மேடாக இருக்கும், கன்னமும் தேய்ந்திருக்கும். அதே ரூபாயின் ப்ரூஃபில் கூந்தலின் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக நிற்கும். ரிப்பன் எங்கே மடிகிறது, காதோரம் முடி எப்படித் திரும்புகிறது என்பதெல்லாம் தெரியும். செதுக்கியவர் தன் பட்டறையில் உட்கார்ந்து மனதில் கண்ட காசு அதுதான். நாட்டில் கோடிக்கணக்கானவர்கள் கையில் புரண்டதெல்லாம் அதன் தேய்ந்த நிழல். ஒருமுறை இந்த வித்தியாசத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தவருக்கு அப்புறம் சாதாரணக் காசில் ஏதோ குறைவது போலவே இருக்கும். அபூர்வம், விலை, ஏலம் எல்லாம் அதன் பின்னால் வருபவை.

நம் ஊருக்கும் இதில் பழைய தொடர்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்கென்று செப்புக்காசுகளை இங்கிலாந்தில், பர்மிங்காம் அருகே மாத்யூ போல்டன் நடத்திய சோஹோ நாணயச்சாலையில் அடித்து வரவழைத்தது. நீராவி இயந்திரத்தால் காசு அடிக்க முடியும் என்று உலகத்துக்குக் காட்டியவர் போல்டன். 1794-இல் வடசர்க்கார் (இன்றைய ஆந்திரக் கடலோரம்) பகுதிக்காக வந்த செப்புக்காசுகளும், 1803, 1808 என்று வருடம் போட்ட பத்துக் காசு, இருபது காசு நாணயங்களும் (இங்கே 'காசு' என்பது அன்றைய சிறு மதிப்பின் பெயர்) அங்கே பிறந்தவை. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து. போல்டன் நல்ல வியாபாரி. தன் இயந்திரம் என்ன செய்யும் என்று பெரிய மனிதர்களுக்குக் காட்ட, இந்தச் சென்னைக் காசுகளின் ப்ரூஃப்களையும் தனியாக அடித்தார். சிலவற்றுக்குப் பொன்முலாம் பூசினார். சிலவற்றுக்கு ஆழ்ந்த பழுப்பு நிறம் ஏற்றினார். கோட்டைக் கடைத்தெருவில் கீரை வாங்கப் புழங்க வேண்டிய இருபது காசு, பொன்முலாம் பூசி, யாரோ ஒரு பிரபுவின் அலமாரியில் உட்கார்ந்தது. இன்று அவை எப்போதாவதுதான் விற்பனைக்கு வருகின்றன. சென்னைக்காரர் ஒருவர் ஒரே ஒரு ப்ரூஃப்தான் வாங்க முடியும் என்றால், பணமும் இருந்தால், 1803 இருபது காசை வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

அதே குடும்பத்தின் 1808 காசுகளுக்கு நடந்ததையும் கேளுங்கள். டன் கணக்கில் அவற்றைப் பீப்பாய்களில் ஏற்றிக்கொண்டு கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல், 1809 ஜனவரியில் புயலில் சிக்கி, இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் முக்குளிப்பவர்கள் அதிலிருந்து லட்சக்கணக்கான காசுகளை வெளியே கொண்டுவந்தார்கள். இருநூறு வருடம் பழைய காசு, சென்னைக்குக் கிளம்பிய காசு, கடலடியில் கிடந்த கதை வேறு. இருந்தும் விலை மிகக் குறைவு. ஏனென்றால் வேண்டியவர்களைவிட அதிகமாகவே இருக்கிறது. பழமை வேறு, அபூர்வம் வேறு. 'தாத்தா காலத்துக் காசு, லட்சக்கணக்கில் போகும்' என்று யாராவது சொன்னால் இந்தக் கப்பலை நினைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கை குறைவாக இருப்பது மட்டும் போதாது. அந்தக் காசைத் தேடும் கூட்டமும் வேண்டும், அதற்கு ஒரு வரலாறும் வேண்டும். உலகத்தில் இதற்குப் பெரிய உதாரணம் 1804 என்று வருடம் போட்ட அமெரிக்க வெள்ளி டாலர். அது 1804-இல் அடித்ததே இல்லை. 1834 வாக்கில் அமெரிக்க அரசு கிழக்கு நாட்டு மன்னர்களுக்குப் பரிசாகக் கொடுக்க நாணயத் தொகுப்புகள் தயாரித்தபோது, டாலர் மட்டும் வழக்கத்தில் இல்லாமல் போயிருந்தது. கணக்கேட்டில் கடைசியாக டாலர் அடித்ததாக இருந்த 1804-ஐயே வருடமாகப் போட்டு ப்ரூஃப் அடித்துவிட்டார்கள். ஒரு தொகுப்பு சயாம் மன்னருக்கும், ஒன்று மஸ்கட் சுல்தானுக்கும் போனது. பின்னாளில் அடித்தவற்றையும் சேர்த்து இன்று மொத்தம் பதினாறு மட்டுமே உள்ளதாக அறியப்படுகிறது. மஸ்கட் சுல்தானுக்குப் போனதாகக் கருதப்படும் டாலர் 1999-இல் நாற்பத்தொரு லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. 2021-இல் அதுவே எழுபத்தாறு லட்சம் டாலரைத் தாண்டியது. அமெரிக்காவிலேயே இதைவிடக் குறைவான எண்ணிக்கையில் இருக்கும் காசுகள் உண்டு. ஆனால் மன்னருக்குப் பரிசாகப் போன கதையும், நூறு வருடத்துக்கு மேலாக அதைத் தேடிக்கொண்டிருக்கும் கூட்டமும் இதற்குத்தான் இருக்கிறது.

இந்தியக் காசுக்கு வருவோம். இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது, சேகரிப்பவர்கள் மணிக்கணக்கில் வாதாடுவதும் இங்கேதான். பிரிட்டிஷ் இந்திய ப்ரூஃப்களில் இரண்டு வகை உண்டு. காசில் போட்ட வருடத்திலோ அதை ஒட்டியோ அடித்தவை ஒரிஜினல். பழைய அச்சுகளைப் பத்திரமாக வைத்திருந்த பம்பாய், கல்கத்தா நாணயச்சாலைகள், பின்னாளில் சேகரிப்பவர்கள் கேட்டபோது அதே அச்சுகளில் மறுபடி அடித்துக் கொடுத்தவை ரீஸ்ட்ரைக். இந்த வழக்கம் சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்து, 1970-இல்தான் நின்றது. ஆகவே 1862 என்று வருடம் போட்ட ஒரு ப்ரூஃப், உண்மையில் நூறு வருடம் கழித்துப் பிறந்ததாகவும் இருக்கலாம்.

ரீஸ்ட்ரைக் போலி இல்லை. அரசு நாணயச்சாலையே உண்மையான அச்சில் அடித்தது. ஆனால் ஒரிஜினலோடு அதை ஒன்றாக வைக்கக் கூடாது, விலையையும் ஒன்றாகக் கொடுக்கக் கூடாது. பல வருடம் கிடந்த அச்சில் துருப்பிடித்திருக்கும். அந்தக் குழிகள் காசின் மேல் பொடிப்பொடி மேடுகளாக விழும். அச்சைத் திரும்ப மெருகேற்றியபோது மெல்லிய கோடுகள் தளத்தில் பதிந்திருக்கும்; மேடு தாழ்வான இடங்களில் நுண்ணிய இழைகள் மறைந்தே போயிருக்கும். சில நேரம் ஒரு பக்கத்துக்கு ஒரு வருடத்து அச்சும், மறுபக்கத்துக்கு வேறு காலத்து அச்சும் போட்டு அடித்திருப்பார்கள். முன்பக்க வகையையும் பின்பக்க வகையையும் ஒப்பிட்டால் அது பிடிபட்டுவிடும். இதையெல்லாம் கண்டுபிடிக்கும் சந்தோஷம் தனி. ஒரு காசை வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் அவர்கள் பளபளப்பை ரசிக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். அச்சின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ரீஸ்ட்ரைக்குகளில் மிகவும் பேசப்படுவது 1835-ஆம் வருடத்து நான்காம் வில்லியம் இரட்டை மொஹர் என்ற தங்கக்காசு. ஒரு பக்கம் மன்னரின் தலை, மறுபக்கம் பனைமரத்தின் முன்னால் நடக்கும் சிங்கம். எங்கோ பார்த்தது போல இருக்கிறதா? ராஜாஜி சாலையில் ரிசர்வ் வங்கிக் கட்டடத்தைக் கடந்து போகிறவர்கள் அதன் சின்னத்தைப் பார்த்திருப்பார்கள். வங்கி தொடங்கியபோது இந்த இரட்டை மொஹரைப் பார்த்துத்தான் சின்னத்தை அமைத்தார்கள்; சிங்கத்துக்குப் பதில் புலியை வைத்துவிட்டார்கள். இந்தக் காசு ப்ரூஃப் என்று விற்பனைக்கு வந்தால், அது ஒரிஜினலா ரீஸ்ட்ரைக்கா என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

சுதந்திர இந்தியாவில் எனக்கு நெருக்கமானது 1950 செட். குடியரசின் முதல் காசுகள்: ஒரு ரூபாய், அரை ரூபாய், கால் ரூபாய், இரண்டணா, ஓரணா, அரையணா, ஒரு பைசா. மொத்தம் ஏழு. மன்னர் தலை போய், அசோகச் சிங்கம் வந்த வருடம். ரூபாயில் கோதுமைக் கதிர், அணாக்களில் காளை, பைசாவில் குதிரை. பம்பாய் நாணயச்சாலை இதில் கொஞ்சம் ப்ரூஃப் செட் அடித்தது. ஏழும் ஒன்றாக, நிறம் கெடாமல், பிரிக்கப்படாமல் கிடைப்பது கடினம். பைசா வெண்கலம் என்பதால் முதலில் கறுப்பது அதுதான். அந்தக் குதிரையை ப்ரூஃபில் பார்த்தால், சந்தையில் களிம்பேறிக் கிடக்கும் ஒரு பைசாவைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்காது.

அப்புறம் 1964-இல் நேரு நினைவுக் காசு, 1969-இல் காந்தி நூற்றாண்டு, எழுபதுகளில் ஐ.நா. உணவு விவசாய அமைப்பை ஒட்டி வந்த வெள்ளிக்காசுகள் என்று வரிசையாக ப்ரூஃப் செட்கள் வந்தன. உங்கள் காந்தி காசு இந்த இடத்தில் வருகிறது. பத்து ரூபாய், எண்பது சதவீத வெள்ளி, பதினைந்து கிராம். அதில் 1869–1948 என்று காந்தியின் பிறப்பும் மறைவும் மட்டுமே இருக்கும். அடித்த வருடம் இருக்காது. அதனால் அதை 1948 காசு என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. பம்பாயில் அடித்த ப்ரூஃப்களில் 'பி' என்ற ஆங்கில எழுத்து நாணயச்சாலையின் குறியாக இருக்கும். புழக்கக் காசில் அந்த இடத்தில் வைர வடிவப் புள்ளி இருக்கும். கல்கத்தாவில் அடித்ததென்றால் குறியே இருக்காது. ஊர்ப்பெயர் மும்பை ஆன பின் 'பி' போய் 'எம்' வந்துவிட்டது. லென்ஸ் எடுத்து உங்கள் இரண்டு காசையும் பாருங்கள். பளபளக்கும் காசில் 'பி' இருந்து, விளிம்பும் கூர்மையாக இருந்தால் கடைக்காரர் சொன்னது சரி. வைரக்குறி இருந்து பளபளத்தால், யாரோ பாலிஷ் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

குறியே இல்லாத காசில் பாலிஷைக் கண்டுபிடிப்பதும் கடினமில்லை. எழுத்துகளுக்கு இடையில் இருக்கும் குறுகிய சந்துகளைப் பாருங்கள். உண்மையான ப்ரூஃபில் கண்ணாடித் தளம் எழுத்தின் அடிவாரம் வரை போகும், ஏனென்றால் அது அச்சிலேயே இருக்கிறது. துணியோ சக்கரமோ வைத்துத் தேய்த்ததில் அந்தச் சந்துகள் மங்கலாகவே நிற்கும். எழுத்தின் மேல்முனைகள் வழுக்கியிருக்கும். தளத்தில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கோடுகள் தெரியும்.

அண்மைக்காலத்து நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய் நினைவுக் காசுகளைப் பற்றிப் பலர் கேட்பதால் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். தமிழர்களுக்கு ஆசை வரத்தான் செய்யும். காமராஜர் நூற்றாண்டு, தமிழில் கையெழுத்துப் போட்ட அண்ணா நூற்றாண்டு, எம்.ஜி.ஆர். நூற்றாண்டு, எம்.எஸ். சுப்புலட்சுமி நூற்றாண்டு, தஞ்சைப் பெரிய கோவிலின் ஆயிரமாவது ஆண்டுக்கான ஆயிரம் ரூபாய், 2024 ஆகஸ்டில் சென்னையில் வெளியிட்ட கலைஞர் நூற்றாண்டு நூறு ரூபாய் என்று நம் பக்கத்துக் காசுகள் நிறைய. இவை புழக்கத்துக்கு வருவதில்லை. இந்தியப் பாதுகாப்பு அச்சக மற்றும் நாணயச்சாலைக் கழகத்தின் இணையதளத்தில் பதிவு திறக்கும்போது பணம் கட்டினால், சில மாதம் கழித்துத் தபாலில் பெட்டியோடு வரும். பல வருடங்கள் வந்த நூறு ரூபாய்க் காசின் எடை 35 கிராம், அதில் பாதிதான் வெள்ளி. தஞ்சைக் காசில் எண்பது சதவீதம். பிடித்தால் வாங்குங்கள். பெரிய கோவில் விமானத்தை ப்ரூஃபில் பார்ப்பது உண்மையிலேயே நன்றாக இருக்கும். ஆனால் பதிவு முடிந்த மறுநாளே வெளிச்சந்தையில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு சொல்வார்கள். அந்த விலைக்கு வாங்காதீர்கள். வாங்கிய எல்லோரும் பெட்டியோடு பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஒன்றுகூட அழிவதில்லை. அபூர்வமாவதற்கு வழியே இல்லாத இடத்தில் அபூர்வ விலை கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1950 செட் அபூர்வமானதற்குக் காரணம், அன்று அதைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று பெரும்பாலோருக்குத் தோன்றாததுதான்.

இன்னொரு எச்சரிக்கை. 'உங்களிடம் இந்த ஐந்து ரூபாய் இருந்தால் பத்து லட்சம்' என்று வரும் விளம்பரங்களை நம்பி யாருக்கும் முன்பணம் கட்டாதீர்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணம், கமிஷன், வரி என்று கேட்டுப் பணம் பறிப்பவர்களைப் பற்றி 2021-இல் அந்த வங்கியே எச்சரித்தது. பழைய காசு வாங்கி விற்கும் வேலையை ரிசர்வ் வங்கி செய்வதில்லை.

இப்போது உடனே கவனிக்க வேண்டியது: காசைக் கழுவாதீர்கள். நம் வீடுகளில் வெள்ளி என்றால் விபூதி, புளி, எலுமிச்சை, பல்பொடி என்று கை தானாகப் போகும். குத்துவிளக்குக்கு அது சரி. ப்ரூஃபின் கண்ணாடித் தளத்தில் விபூதி வைத்து ஒரே ஒரு தேய்ப்பு போதும், ஆயிரம் மெல்லிய கீறல் விழுந்துவிடும். அதைச் சரிசெய்ய வழியே கிடையாது. மெல்லிய துணியால் துடைப்பதும் அதேதான். விரல் ரேகை பட்டால் அந்த எண்ணெயும் உப்பும் சில மாதத்தில் உலோகத்தை அரித்து, ரேகை அப்படியே காசில் நிலைத்துவிடும். எப்போதும் விளிம்பை மட்டும் பிடித்து, கீழே மெத்தென்று ஏதாவது விரித்துக்கொண்டு பாருங்கள். காசுக்கு நேரே வாயை வைத்துப் பேசக்கூடாது. எச்சில் துளி படும் இடம் கறுத்துப் புள்ளியாகிவிடும்.

சென்னையில் வைப்பதே ஒரு சவால். கடற்காற்றில் உப்பு, வருடம் முழுக்க ஈரப்பதம், ஐப்பசி கார்த்திகையில் சுவரே வேர்க்கும். வெள்ளி முதலில் மஞ்சளித்து, பிறகு நீலமும் கறுப்புமாக மாறும். செம்பில் பச்சைக் களிம்பு ஏறும். காசை அதன் அளவுக்கான காற்றுப்புகாத பிளாஸ்டிக் கேப்சூலில் போட்டு, மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஜெல்லை மாற்றுங்கள். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் ஆல்பம் பெரும்பாலும் பி.வி.சி.; அது காலப்போக்கில் பச்சையாகப் பிசுபிசுக்கும் ஒன்றைக் காசின் மேல் கசியவிடும். ரப்பர் பேண்டில் கந்தகம் உண்டு, அது வெள்ளிக்கு ஆகாது. பீரோவில் துணிக்கு நடுவே, அந்துருண்டை வாசத்தில் வைக்க வேண்டாம். நாணயச்சாலையின் பழைய பெட்டியும் சான்றிதழும் இருந்தால் தூக்கிப்போடாதீர்கள். விலையில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தப் பெட்டிக்குள்ளேயே காசு பாதுகாப்பாக இருக்கும் என்று நம்பிவிடவும் வேண்டாம்.

தரம் பார்ப்பது பற்றிச் சுருக்கமாக. 1 முதல் 70 வரை எண் கொடுத்து, காசைக் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் உலகம் முழுக்கப் பேர் பெற்றவை. ப்ரூஃப் என்றால் எண்ணுக்கு முன்னால் அதைக் குறிப்பார்கள். 65-க்கு மேல் நல்ல தரம், 70 குறையே இல்லாதது. விலை உயர்ந்த காசு வாங்கும்போது இந்த உறை பயன்படும், ஏனென்றால் அசலா போலியா என்ற கேள்வியாவது தீர்ந்துவிடும். ஆனால் எண்ணைப் பார்த்து வாங்கிக் காசைப் பார்க்காமல் விடுபவர்களும் நிறைய. ஒரே 65-க்குள் உயிருள்ள காசும் உண்டு, மங்கிய காசும் உண்டு. உங்கள் 1969 காந்தி காசுக்கு இந்தச் செலவு தேவையே இல்லை.

கற்றுக்கொள்ள முதலில் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயவியல் பகுதிக்குப் போங்கள். அங்கே ப்ரூஃப்பைத் தேட வேண்டாம். அச்சு, அடி, தேய்மானம் என்ன செய்யும் என்று சங்ககாலக் காசு முதல் கம்பெனிக் காசு வரை பார்த்துக் கண் பழகட்டும். மெட்ராஸ் காயின் சொசைட்டி போன்ற சங்கங்களின் கூட்டங்களுக்குப் போனால், வருடக்கணக்காகச் சேர்த்தவர்கள் தங்கள் காசையே கையில் கொடுத்துக் காட்டுவார்கள். ஒரு ஒரிஜினலையும் ஒரு ரீஸ்ட்ரைக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேறு வழி கிடைப்பது கஷ்டம். நகரத்தில் நாணயக் கண்காட்சி நடக்கும்போது முதல் தடவை பணம் எடுத்துக்கொண்டு போகாமல், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். வாங்க ஆரம்பிக்கும்போது எழுபதுகளின் வெள்ளி ப்ரூஃப்களில் தொடங்குவது நல்லது. போலி குறைவு, விலை கைக்கு எட்டும், வேலைப்பாடும் மோசமில்லை.

கடைசியாக ஒரு சட்ட விஷயம். 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறு வருடத்துக்கு மேலான காசும் தொல்பொருள்தான். தனிநபர் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது; அவற்றை வியாபாரம் செய்பவருக்கு உரிமம் வேண்டும். எனவே தாத்தாவின் பீரோவில் இன்னும் ஆழமாகத் தேடி 1862 அல்லது 1903 ப்ரூஃப் எதுவும் கிடைத்தால், தரம் பார்க்க அமெரிக்காவுக்குத் தபாலில் அனுப்பிவிடாதீர்கள், வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பையிலும் கொடுத்துவிடாதீர்கள். இங்கேயே விவரம் தெரிந்த இரண்டு மூன்று பேரிடம், உரிமம் உள்ள ஒரு வியாபாரியிடம் காட்டுங்கள். 1969 காசுக்கு இந்தக் கட்டுப்பாடு இப்போது கிடையாது.